லின்னேயஸ் ட்ரைப்

லின்னேயஸ் ட்ரைப் (ஏப்ரல் 14, 1822 - மார்ச் 2, 1902) தமிழகக் கோயில்களைத் தொடக்க காலத்திலேயே முறையாக ஒளிப்படம் எடுத்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவார். டெவன்போர்ட்டில் பிறந்த இவர், 1839இல் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார்.

ஒளிப்படப் பணி

1856இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பர்க் குளிரில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், தஞ்சாவூர், திருவையாறு, மதுரை முதலிய ஊர்களின் பழங்கட்டடங்களை மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒன்றாக இணைத்தார். இக்கல்வெட்டுகள் நூலாக வெளிவரத் தொடங்கியது 1890களில்தான்.

பணி நிறுத்தம்

1859இல் சென்னை ஆளுநரான சார்லஸ் ட்ரெவெலியன் இப்பணியை வீண்செலவாகக் கருதி நிறுத்தினார். அதன்பின் ட்ரைப் ஒளிப்படத் துறையிலிருந்து பெரும்பாலும் விலகினார்.