மூன்று கிளாரினெட்டுகளும் தொலைந்துபோன கையெழுத்துப் பிரதிகளும்

ஒரே நேரத்தில் மூன்று கிளாரினெட்டுகளை வாயில் வைத்து வாசித்தவர். வில்பர் சுவெட்மனைப் பற்றி யாராவது இன்று குறிப்பிட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அது வெறும் வேடிக்கையல்ல, மூன்று கருவிகளும் இணைந்து ஒலித்தன. ஆனால் அந்த வித்தையே அவர் செய்த மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

1882இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பிரன்ஸ்விக் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினக் கலைஞர் அவர். முதலில் வயலின், பிறகு கிளாரினெட். சர்க்கஸ் வாத்தியக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றியபின் மினியாபொலிஸ் நகரில் சொந்தமாக ஒரு குழுவை அமைத்தார். 1903 அளவில் ஸ்கொட் ஜொப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' இசையை அங்கு மெழுகு உருளையில் பதிவுசெய்தார். அதில் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

சிக்காக்கோ அரங்குகளில் சில ஆண்டுகள் இசைக்குழு நடத்தினார். 1911இல் அவரது 'டவுன் ஹோம் ராக்' வெளியானது. பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை எல்லாம் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும் வோடவில் அரங்குகள் அவரை அழைத்தன. 1913இல் நியூயோர்க்கில் குடியேறினார்.

1916 டிசம்பரில் எமர்சன் நிறுவனத்துக்காக 'டவுன் ஹோம் ராக்'கை இசைத்தட்டில் பதிவுசெய்தார். இரண்டு மாதங்களின் பின், நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையரின் குழுவொன்று பதிவுசெய்த தட்டுக்குத்தான் 'முதல் ஜாஸ் இசைத்தட்டு' என்ற பெயர் கிடைத்தது. சுவெட்மன் வாசித்தது ராக்டைமா ஜாஸா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கேட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொண்டிருக்கும் இசை போலத்தான் தோன்றுகிறது. பட்டம் யாருக்கு என்பதைவிட, அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரே விடுபட்டுப்போவதுதான் உறுத்துகிறது.

1918 முதல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவரது தட்டுகள் நன்றாக விற்பனையாகின. 1923இல் வோஷிங்டனிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்து அவரது குழுவில் சேர்ந்தார்கள். அவர்களில் பியானோ வாசித்தவருக்கு வயது 23. பெயர் டியூக் எலிங்டன். அவர்கள் அதிக காலம் நிற்கவில்லை. ஆனாலும் மேடைத் தொழிலின் நெளிவுசுளிவுகளைச் சுவெட்மனிடம் கற்றதாக எலிங்டன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

வோடவில் மங்கியபின் சுவெட்மன் இசைப் பதிப்புத் தொழிலுக்கு மாறினார். ஜொப்ளின் 1917இலேயே இறந்திருந்தார். 1953இல் அவரது மனைவி லொட்டியும் இறந்தபோது, ஜொப்ளினின் வெளிவராத கையெழுத்துப் பிரதிகள் சுவெட்மனின் பொறுப்பில் வந்தன. அவற்றைக் கவனமாகப் பாதுகாத்தார்.

1961 மார்ச்சில் அவர் நியூயோர்க்கில் இறந்தார். சொத்து யாருக்கு என்ற தகராறு எழுந்தது. அதற்கிடையில் அந்தக் காகிதங்கள் காணாமற்போயின. 1970களில் ஜொப்ளினின் இசையை உலகம் மீண்டும் விரும்பிக் கேட்கத் தொடங்கியபோது, தேடி வந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை.