ஒளிக்கென்று ஒரு வரி

மூன்று நிற இலேசர்க் கதிர்களை இசைக்கேற்ப ஒளிரச் செய்யும் மின்சுற்றொன்றை என் மாணவருடன் சேர்ந்து அமைத்தேன். தாழ்ந்த ஒலி சிவப்பையும், இடையொலி பச்சையையும், உச்சவொலி நீலத்தையும் இயக்கின. சுவரில் நிறங்கள் துடித்தன, பிள்ளைகள் ஆரவாரித்தனர். எனக்கோ விரைவில் கண் சலித்தது. தாளம் இருந்தது, பாட்டின் உயிர் ஒளியில் இல்லை. குறை எங்கேயென்று எண்ணியபோது இரஷ்ய இசைஞர் அலெக்சாந்தர் ஸ்கிரியாபின் நினைவுக்கு வந்தார்.

அவர் புதிய நாட்காட்டியின்படி 1872 சனவரி 6 ஆந் திகதி மொஸ்கோவிற் பிறந்தார். பியானோக் கலைஞரான தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். மாணவனாயிருந்தபோது அளவு மீறிய பயிற்சியால் வலக்கை நொந்தது. அவர் தளர்ந்தாரல்லர்; இடக்கை மட்டுமே வாசிக்கத்தக்க இசையை 1894 இல் ஆக்கினார்.

தேவரிடமிருந்து நெருப்பைக் கவர்ந்து மனிதர்க்கு ஈந்த கிரேக்கப் புராண வீரன் புரோமித்தியசு. அவன் பெயரால் 1910 இல் ஸ்கிரியாபின் முடித்த படைப்பின் ஏட்டிலே, எல்லா வாத்தியங்களுக்கும் மேலே, ஒளிக்கென்று தனி வரி உண்டு. ஸி சுரத்துக்குச் சிவப்பு. அதன் பஞ்சமமாகிய ஜிக்குச் செம்மஞ்சள். அதன் பஞ்சமமாகிய டிக்கு மஞ்சள். இவ்வாறு 12 சுரங்களுக்கும் நிறம் வகுத்தார். அவ்வொளி வரியில் இரு குரல்கள் உள. ஒன்று இசையின் அடிச்சுரத்தைத் தொடர்ந்து மாறும். மற்றது நெடுநேரம் ஒரே நிறத்தில் நின்று, அரிதாகவே அசையும்.

1911 இல் மொஸ்கோ அரங்கேற்றத்தில் அவரே பியானோ வாசித்தார். ஒளி மட்டும் வரவில்லை. நண்பர் மோஸர் அமைத்துக் கொடுத்த, வண்ணக் குமிழ்கள் 12 பொருந்திய சிறு வட்டத்தைக்கொண்டு தம் வீட்டிலேதான் அக்கனவைக் கண்டார். 1915 மார்ச்சு 20 இல் நியூயோர்க்கில் நிறங்கள் திரையில் விழுந்தபோது அவர் அங்கில்லை. ஏப்பிரல் 27 இல், உதட்டிற் கிளம்பிய புண் குருதியை நஞ்சாக்க, 43 வயதில் மறைந்தார். அறுபது ஆண்டுகளின் பின், 1975 இல், அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் லோவெல் குறொஸ் என்பார் அவ்வரிக்கு இலேசராலே ஒளியூட்டினார்.

மீண்டும் என் சுற்றுக்கு வந்தேன். குறிப்பிட்ட அளவு மின்னோட்டம் இல்லையேல் இலேசர் விழிக்காது. ஆகவே மெல்லிசை முழுதும் இருளிலே மறைந்திருந்தது. அவ்வளவுக்குச் சற்றுக் கீழே நிலையான மின்னோட்டத்தை முன்னரே ஊட்டினேன். பின்னர் நீலத்தின் வழியில் 1 இலட்சம் ஓம் தடையியையும் 10 மைக்ரோபரட் கொள்ளளவியையும் சேர்த்தேன். இரண்டின் பெருக்கம் ஒரு செக்கன். அதனால் நீலம் துள்ளுவதை விட்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கிற்று. சிவப்பும் பச்சையும் தாளத்தோடு ஓட, நீலம் பின்னால் நின்றது.

அன்று பிள்ளைகள் ஆரவாரிக்கவில்லை. பாட்டு முடியும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தனர்.