பெருவெடிப்பைச் சொன்ன பாதிரியார்: போப்பின் பாராட்டு லெமைத்ருக்கு ஏன் பிடிக்கவில்லை?

பிரபஞ்சம் ஒரு காலத்தில் மிகச் சிறியதாக, மிக அடர்த்தியாக இருந்தது, அதிலிருந்து விரிந்துதான் இன்றைய நிலைக்கு வந்தது என்கிறது பெருவெடிப்புக் கோட்பாடு. ஸ்கூல் காலத்திலேயே நமக்கு அறிமுகமான விஷயம்தான். ஆனால், இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஜார்ஜ் லெமைத்ர்.

1951இல், போப் 12ஆம் பயஸ் இந்த அறிவியலைக் கடவுளின் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசினார். ஒரு பாதிரியாருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் என்ன இருக்க முடியும்? ஆனால், லெமைத்ர் சந்தோஷப்படவில்லை. கவலைதான் பட்டார்.

போர்க்களத்திலிருந்து குருமடத்துக்கு

1894இல் பெல்ஜியத்தின் சார்லெருவா நகரில் பிறந்தவர் லெமைத்ர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்தது. படையில் சேர்ந்தார், பீரங்கிப் பிரிவில் பணியாற்றினார், வீர விருதும் பெற்றார். போர் முடிந்ததும் பொறியியலை விட்டுவிட்டுக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் மாறினார். கூடவே குருமடத்திலும் சேர்ந்தார். 1923இல் பாதிரியார் ஆனார். அதே ஆண்டு, கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் படிக்கப் போனார். உண்மையைத் தேட இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டிலும் நடப்பது என்று அவர் இளம் வயதிலேயே முடிவு செய்திருந்தார்.

ஐன்ஸ்டைனும் ஏற்கவில்லை

1927இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளின்படி பிரபஞ்சம் நிலையாக நிற்கவில்லை, விரிந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் தொலைவில் உள்ள கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகுகின்றன என்பது அதன் சாரம். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, ஆனால் இயற்பியலாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

1929இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட தொலைநோக்கி ஆய்வுகளுக்குப் பிறகு நிலைமை மாறியது. 1931இல் லெமைத்ர் இன்னும் ஒரு படி போனார். விரிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், எல்லாமே ஒரு 'ஆதி அணு'வில் போய் நிற்கும் என்றார்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. சொல்கிறவர் பாதிரியார். சொல்வதோ 'தொடக்கம்' பற்றி. பைபிளின் படைப்புக் கதையைப் பின்வாசல் வழியாக இயற்பியலுக்குள் கொண்டுவருகிறாரோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். திடீர்த் தொடக்கம் என்ற யோசனை எடிங்டனுக்கே பிடிக்கவில்லை. இந்தக் கோட்பாட்டை ஏற்காத ஃபிரெட் ஹோய்ல், 1949இல் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்ன பெயர்தான் 'பிக் பேங்'.

பாராட்டில் இருந்த ஆபத்து

இந்தச் சூழலில்தான் போப்பின் பேச்சு வந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு இது வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. லெமைத்ரின் கவலை அதோடு நிற்கவில்லை. கோட்பாடு அப்போது நிரூபிக்கப்படவே இல்லை. நாளைக்கு அது தவறு என்று ஆகிவிட்டால், அதன்மேல் சாய்த்து வைத்த நம்பிக்கையின் கதி என்ன?

கோட்பாட்டில் ஓட்டைகளும் இருந்தன. ஹபிளின் கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான். பூமியின் வயதே அதைவிட அதிகம் என்று புவியியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு அம்மாவைவிட வயது கூடுதல் என்பது போல!

1952இல் லெமைத்ர் ரோமுக்குப் போய், வத்திக்கான் வானாய்வு மையத்தின் இயக்குநர் டேனியல் ஓ'கானலிடம் பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் ரோமில் நடந்த சர்வதேச வானியலாளர் மாநாட்டில் உரையாற்றிய போப், பழைய வாதத்தை எடுக்கவில்லை. அதே மாநாட்டில் வால்டர் பாடே என்ற வானியலாளர், கேலக்ஸிகள் நினைத்ததைவிட சுமார் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கின்றன என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயதும் ஒரேயடியாக இரண்டு மடங்கானது.

அப்படியானால் கடவுள்?

லெமைத்ர் நம்பிக்கையை ஒளித்து வைக்கவில்லை, கடைசி வரை பாதிரியாராகவே வாழ்ந்தார். ஆனால், பைபிளை அவர் அறிவியல் புத்தகமாகப் படிக்கவில்லை. இயற்பியல் பேசும் தொடக்கம் வேறு, இறையியல் பேசும் படைப்பு வேறு என்பது அவர் நிலைப்பாடு. முதலாவது, சமன்பாடுகள் எட்டும் எல்லை. இரண்டாவது, எல்லாம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி. 1958இல் இதை இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவரும் தாராளமாக அதை ஏற்கலாம்.

1965இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் பிரபஞ்சத்தின் ஆதி வெப்பம் மிச்சம் வைத்த நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது லெமைத்ர் நோயில் இருந்தார். 1966 ஜூன் 20 அன்று காலமானார். ஹபிளின் பெயரில் இருந்த விதியை இனி 'ஹபிள் - லெமைத்ர் விதி' என்று அழைக்கலாம் என 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் பரிந்துரைத்தது.

பிரபஞ்சத்தின் வயது இன்றைய கணக்கில் சுமார் 1,380 கோடி ஆண்டுகள். 200 கோடியில் தொடங்கிய எண் இவ்வளவு தூரம் நகர்ந்தும், லெமைத்ர் தன் ஜெபத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டிய அவசியம் இருந்திருக்காது.