கப்பித்தான் காதர் மொகிதீன்: விற்க முடியாத சொத்து

பினாங்கின் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலில் ஒரு வக்தாவது தொழாத தமிழ் முஸ்லிம் குடும்பம் நம்மில் அரிது. அந்தப் பெயருக்கு உரியவர் மர்ஹூம் காதர் மொகிதீன் மெரிக்கான் அவர்கள். பள்ளிவாசலை நமக்குத் தெரியும். அதைத் தாங்கி நிற்கும் நிலத்தின் கதையை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

அன்னார் சோழமண்டலக் கரையிலுள்ள பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர். 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியதும், நம் மக்கள் பாய்மரக் கப்பல்களில் துணியும் சரக்கும் கொண்டுவந்து இறக்கினர். சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய கடைகள் நிறைந்த தெரு உருவானது. அதுவே சூலியா தெரு.

1801-ல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத், காதர் மொகிதீன் அவர்களைத் தென்னிந்தியர்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக நியமித்தார். பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டது. தொழுகைக்கு மட்டும் அவ்வளவு இடம் தேவையில்லை. மையவாடிக்கும் மக்கள் குடியிருப்புக்கும் சேர்த்தே அது பயன்பட்டது. சமூகத்தின் சச்சரவுகளைத் தீர்த்து வைப்பது அக்காலத்தில் கப்பித்தான்களின் பொறுப்பு. 1807-ன் நீதிப் பட்டயத்தால் பினாங்கில் நீதிமன்றம் அமைந்து வழக்குகள் அங்கே போயின. ஆனாலும் கப்பித்தான் மீது மக்கள் வைத்த மரியாதை குறையவில்லை. 1834-ல் அன்னார் வபாத்தானார்கள். கம்போங் கோலாமில் அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

ஒரு மனிதரின் உழைப்பு அவர் காலத்தோடு முடிந்துவிடலாம். ஆனால் வக்ஃபு நிலத்தை விற்க முடியாது. வாரிசுகள் பங்கு போட முடியாது. வாடகைக்கு விடலாம், அந்த வருமானம் அறத்துக்குச் சேரும். மேற்பார்வை தளர்ந்த காலத்தில் நிலத்தில் நெரிசல் பெருகியது, ஒரு பகுதி குறைந்தும் போனது. 1905-ல் அறக்கட்டளைச் சொத்துகளுக்கென்று ஒரு வாரியத்துக்குச் சட்டம் வந்த பிறகே ஒழுங்கு பிறந்தது. கடைவீடுகள் எழுந்தன. பள்ளிவாசலும் இன்று நாம் காணும் முகலாயக் கும்மட்டங்களோடு விரிவாக்கப்பட்டது.

காலம் மாறியது. 1969-ல் ஜார்ஜ் டவுன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்தன. சம்பளம் வாங்குவோர் அந்தப் பக்கம் பெருகவே, கடைகளும் அவர்களைத் தேடிப் போயின. பழைய நகரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் பலர் குறைந்த வாடகையில் தாக்குப்பிடித்தார்கள். 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் அது முற்றாக நீங்கியது. 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது. வாடகை ஏற ஏற, பழைய வியாபாரிகள் பலர் அஞ்சடியைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். தனியார் கட்டடங்கள் கை மாறின. வக்ஃபு நிலம் மட்டும் விற்பனைக்கு வரவில்லை. நகரின் நடுவில் நமக்கென்று ஓர் இடம் மிஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் நிலம் மிஞ்சினால் மட்டும் போதாது. வாடகை மிகக் குறைவாக இருந்தால் கூரை ஒழுகும்போது செப்பனிடப் பணம் இருக்காது. மிக அதிகமாக இருந்தால் நம் கடைக்காரரே வெளியேற நேரும். குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால் கடையில் காசு போட யாரும் துணிய மாட்டார். மிக நீண்டதாக இருந்தால் பல ஆண்டுகளுக்கு முன் பேசிய வாடகையே நிலைத்து, பள்ளிவாசலுக்குச் சேர வேண்டியது சேராது. கடை வைத்திருப்போருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வக்ஃபுக் கடையில் இருப்பவர் மாதம் தவறாமல் வாடகை கட்டுவதும், அந்த இடத்தை மேல்வாடகைக்கு விட்டு லாபம் பார்க்காமல் இருப்பதும் அமானிதம். நிர்வகிப்பவர் கணக்கைத் திறந்து காட்டுவதும் அமானிதமே.

பொன்விழா காணும் நம் சங்கமும் நாளை ஒரு சொத்து வாங்கக்கூடும். அப்போது கப்பித்தான் அவர்களை நினைப்போம். அல்லாஹ் அன்னாரின் நற்செயல்களை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.