பனிச்சரிவின் பிறப்பிடம் தேடியவர்

புவியியல் பாடத்தில் மலைகளைப் பற்றிக் கற்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் யோகான் கோவாஸ். 1822 இல் பிறந்த இவர், இளமையில் சுவிற்சர்லாந்தின் மலைகளை அளந்து வரைபடம் தயாரிக்க உதவினார். 1850 இல், 4,049 மீற்றர் உயரமான பிட்ஸ் பெர்னினா சிகரத்தை இரு துணைவர்களுடன் முதன்முதலாக அடைந்தார். பின்னர் வன அதிகாரியானார்.

பனிச்சரிவு சில நொடிகளில் ஓர் ஊரையே மூடிவிடும். அது எங்கே தொடங்குகிறது, எவ்வழியே இறங்குகிறது என்று வன அலுவலர்கள் மூலம் தகவல் திரட்டி, 1881 இல் நூலாக வெளியிட்டார் கோவாஸ். பாய்ந்து வரும் பனியை மறிப்பது கடினம். புறப்படும் இடத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஆகவே மலைச்சாய்வின் மேற்பகுதியில் கற்சுவர்கள் எழுப்பச் செய்தார். அடர்ந்த காடும் பனியைத் தாங்கி நிறுத்துமல்லவா? அதனால் மரங்களைக் காக்கவும் பாடுபட்டார்.

1875 முதல் 1914 வரை நாட்டின் தலைமை வனப் பரிசோதகராகக் கடமையாற்றி, 1918 இல் தமது 96ஆவது வயதில் மறைந்தார். இன்று புவி வெப்பமடைவதால், நடுக்குளிர்காலத்திலும் அங்கே பனி நனைந்து சரிகிறது. பனியின் இயல்பு மாறினாலும், மலையூர்களுக்கு மேலே காடுகள் இன்னும் காவல் நிற்கின்றன. அவற்றை வெட்டாதிருப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.