சிறைக்குத் துணை வந்த திருமறை

மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் என்றதும் காங்கிரஸ் பேரியக்கத்தின் தலைவர், விடுதலை இந்தியாவின் முதற் கல்வி அமைச்சர், பிரிவினையை இறுதிவரை உளமார ஏற்காத பெருமகன் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எழுதியோர் பலர். அன்னார் பிறந்த நவம்பர் 11ஆம் நாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாகவும் கொண்டாடப்பெறுகிறது. ஆதலின் அவற்றை விடுத்து, அடுக்கடுக்காய் வந்த துன்பங்களுக்கிடையே அவர் திருமறையை எவ்வாறு பற்றி நின்றார் என்பதை மட்டும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1888இல் மக்காவில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் கல்கத்தா வந்து சேர்ந்தார். தந்தையார் மவ்லானா கைருத்தீன் முரீதுகள் பலரைக் கொண்ட ஞானவழிப் பெரியார். மகன் பள்ளிக்கூடம் சென்றதில்லை. அரபும் பார்ஸியும் மார்க்கக் கல்வியும் இல்லத்திலேயே கற்றார். இத்தகைய குடும்பத்தில் பிறந்தவருக்கு ஈமானின் உறுதி பிறப்புரிமையாகவே கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது அதுவன்று. இளமையில் அவரை ஐயம் பற்றிக் கொண்டது. பரம்பரையாக வந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றையும் கேள்விக்குள்ளாக்கினார். கட்டுக்களினின்றும் விடுபட்டவன் என்னும் பொருளில் ‘ஆஸாத்’ என்னும் புனைபெயரைச் சூடிக் கொண்டதும் அக்காலத்திலேதான். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின்னரே திருக்குர்ஆனிடம் தம் சொந்தக் காலால் நடந்து வந்து சேர்ந்தார். பின்னாளில் பெருங்காற்று வீசியபோது அந்த நம்பிக்கை வேரோடு சாயாதிருந்ததற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

1912இல் அவர் தொடங்கிய ‘அல்ஹிலால்’ வார இதழ் ஆங்கில அரசின் கண்ணை உறுத்திற்று. பிணைத் தொகை பறிமுதலாக, 1914இல் இதழ் நின்றது. அடுத்து வந்த ‘அல்பலாக்’ இதழும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1916இல் வங்காளத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. ஏனைய மாகாணங்கள் சிலவும் கதவடைத்து விட்டமையால் அன்று பீகாரைச் சேர்ந்திருந்த ராஞ்சிக்குச் சென்றார். சில திங்களுள் அங்கேயே காவலில் வைக்கப்பெற்றார்.

திருமறையை எளிய உருதுவில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதும் பணியை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தார். சோதனையிட வந்த காவலர்கள் அக்கையெழுத்துப் படிகளையும் எடுத்துச் சென்றனர். அவர் சோர்ந்து போகவில்லை. எஞ்சிய பகுதியை எழுதினார். பறிபோனது திரும்பி வாராமையால் அதனையும் மீண்டும் எழுதினார். ராஞ்சிப் பள்ளிவாசலில் ஜும்ஆ உரை நிகழ்த்தினார். அவ்வூர்ப் பிள்ளைகளுக்காக 1917இல் ஒரு மதரஸாவையும் நிறுவினார். காவலில் இருப்பவர் கல்விக்கூடம் கட்டிய அழகைக் கல்வி நாள் கொண்டாடும் நாம் சற்று எண்ணிப் பார்த்தல் தகும்.

ராஞ்சியில் நிகழ்ந்த ஒன்றை விரித்துரைக்காமல் மேற்செல்ல நமக்கு மனமில்லை. 1918ஆம் ஆண்டின் இறுதி, குளிர்காலம். ஓரிரவு இஷா தொழுகை முடித்துப் பள்ளியினின்றும் வெளிவந்த மவ்லானா, தம்மை யாரோ பின்தொடர்வதை உணர்ந்தார். திரும்பிப் பார்த்தால், கம்பளி போர்த்திய ஓர் ஏழை நிற்கிறார். ஊர் கந்தஹார். குவெட்டாவரை கால்நடையாக வந்து, தம் நாட்டு வணிகர் சிலரிடம் ஊழியம் செய்து கொண்டே ஆக்ரா அடைந்து, அங்கிருந்து மீண்டும் நடந்தே வந்திருக்கிறார். இத்தனை தொலைவு எதற்காக? திருக்குர்ஆனின் சில இடங்களுக்குப் பொருள் கேட்டு அறிவதற்காக! அல்ஹிலாலை ஓர் எழுத்து விடாமல் படித்தவர் அவர். சில நாள் தங்கினார், கேட்டார், தெளிந்தார். பின்னர் ஒருநாள் சொல்லாமலே புறப்பட்டு விட்டார். திரும்பும் வழிக்குப் பணம் கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சியே அவ்வாறு சென்றிருக்க வேண்டும் என்பது மவ்லானாவின் ஊகம். ‘தர்ஜுமானுல் குர்ஆன்’ அச்சேறிய காலத்தில் எந்த நவாபுக்கும் அதனை அவர் காணிக்கையாக்கவில்லை. பெயரும் நினைவிலில்லாத அந்த வழிப்போக்கருக்கே உரிமையாக்கினார்.

ஆனால் நூல் அச்சேறுவதற்கு முன் இன்னொரு சோதனை காத்திருந்தது. 1921 டிசம்பரில் மீண்டும் சிறை. மீண்டும் வீட்டுச் சோதனை. இம்முறையும் தாள்கள் அனைத்தும் வாரிச் செல்லப்பெற்றன. 1923இல் விடுதலையான பின் அவை திரும்பி வந்தபோது, கிழிந்தும் சிதைந்தும் கலைந்தும் கிடந்த குப்பையாகவே இருந்தன. இவ்விடத்தில் மவ்லானா உள்ளம் உடைந்து போனார். சில ஆண்டுகள் அப்பணியின் பக்கமே அவர் கை செல்லவில்லை. பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய பகுதிகளை விரைந்து கடந்து விடுவது வழக்கம். நமக்கோ அவ்வாறு செய்ய விருப்பமில்லை. இறைநம்பிக்கை உடையாருக்குத் தளர்ச்சியே வாராது என்று மாணவர் எண்ணி மயங்கலாகாது. யஃகூப் நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்த செய்தியைத் திருமறையே நமக்குச் சொல்கின்றதன்றோ!

நெடுங்காலம் கழித்து அவர் மூன்றாம் முறையாகப் பேனாவை எடுத்தார். 1930இல் மீரட் சிறையில் இருந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார். முதற் பாகம் 1931இலும் இரண்டாம் பாகம் 1936இலும் வெளிவந்தன. அல்முஃமினூன் அத்தியாயத்தோடு நூல் நின்று விட்டது. எஞ்சிய பகுதி அவர் வாழ்நாளில் வெளிவரவேயில்லை. ஏழே வசனங்கள் கொண்ட அல்பாத்திஹாவுக்கு எழுதிய விளக்கமோ தனி நூலாகும் அளவுக்கு விரிந்தது. ‘ரப்பு’ என்னும் ஒரு சொல்லில் அவர் நின்ற நிலை வியப்புக்குரியது. படைத்து விட்டு விலகி நிற்பவனல்லன். ஒவ்வொரு பொருளையும் அதனதன் பருவத்துக்குத் தேவையானதைத் தேவையான அளவில் ஊட்டிப் படிப்படியாக நிறைவு நோக்கி வளர்ப்பவனே ரப்பு என்று விளக்கினார். குழந்தையின் வளர்ச்சிக்கேற்பத் தாய்ப்பாலின் தன்மை அமைவதை அதற்குச் சான்றாக்கினார். நீதியையும் அருளின் ஒரு முகமாகவே கண்டார். தம் உழைப்பு இருமுறை சூறையாடப்பட்டவர் இறைவனின் பண்புகளுள் பேணி வளர்த்தலையே முதன்மையாகக் கண்டார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றினும் கடிய சோதனை 1942இல் வந்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் பம்பாயில் கைதாகி அகமத்நகர்க் கோட்டையில் அடைக்கப்பெற்றார். துணைவியார் சுலைகா பேகம் நோயுற்றிருந்தார். கல்கத்தாவில் கணவரை வழியனுப்ப வாயில்வரை வந்தபோது இறைவன் காவலில் ஒப்படைக்கும் விடைமொழி தவிர வேறொன்றும் கூறவில்லை. நோய் முற்றியதாகச் சிறைக்குச் செய்தி வந்தது. அரசிடம் வேண்டிக்கொள்ள மவ்லானா மறுத்து விட்டார். அது சரியா என்று இன்று வினவுவாரும் உளர். அத்தீர்ப்பை வழங்கும் தகுதி நமக்கில்லை. 1943 ஏப்ரல் 9இல் அம்மையார் மறைந்தார். தந்திவழி அறிந்த மவ்லானா வழக்கமான நேரத்தில் உண்டார், அமர்ந்தார், எழுதினார். அந்த அமைதியைக் காக்க உள்ளே எத்துணைப் போராட வேண்டியிருந்தது என்பதைக் ‘குபாரே காதிர்’ நூலில் அடங்கிய மடல் ஒன்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். மூன்று திங்களில் தமக்கையாரும் மறைந்தார்.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பினார். ஹவுரா நிலையத்தில் பெருங்கூட்டம். மகிழுந்து நிறைய மலர்மாலைகள். ஹூக்ளிப் பாலத்தைக் கடக்கையில், வாயிலில் நின்று வழியனுப்பிய முகம் அவர் நினைவில் எழுந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னார். இல்லம் செல்லுமுன் கபருஸ்தானம் சென்று, வரவேற்பில் தமக்குச் சூட்டிய மாலைகளுள் ஒன்றை எடுத்துத் துணைவியாரின் கபரின் மீது வைத்தார். வாய்விட்டு ஒன்றும் பேசாமல் பாத்திஹா ஓதினார். பின்னரே வண்டி இல்லம் நோக்கிச் சென்றது.