எஃப்.ஏ. தேறாத ராமானுஜனைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது எப்படி?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான வாரம், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான் என் நண்பன். இயற்பியலில் அவனுக்கு ‘சி’. பல்கலைக்கழகத்தில் அவன் படிக்க விரும்புவதோ இயற்பியல்தான். உணவகத்தில் எங்கள் பேச்சைக் கேட்ட பெரியவர் ஒருவர், கணிதமேதை ராமானுஜன்கூடத் தேர்வில் தோற்றவர்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் சொல்வதுதான். தோற்றவர் எப்படி உள்ளே போனார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை புடவைக் கடையில் கணக்கெழுதியவர். உண்மையில் பள்ளியில் ராமானுஜன் சராசரி மாணவரே அல்லர், பரிசுகள் வாங்கியவர். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சறுக்கினார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் கவனமே இல்லை. ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906-இல் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். நமது எஸ்.டி.பி.எம். போன்றது அது. உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. 1907-இல் தனியாக எழுதிப் பார்த்தார், மறுபடியும் தோல்வி. பட்டப்படிப்புக் கதவு அத்தோடு மூடிக்கொண்டது.

அடுத்த ஆறு ஆண்டுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வறுமையிலும் அவர் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. நோட்டுப்புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, கணிதம் தெரிந்தவர்களைத் தேடிப் போனார். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியவர், சென்னையிலுள்ள தம் நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். அவர்கள் மூலம் நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-இல் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. என்னைக் கேட்டால், திருப்பம் இதுதான். மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாகக் காட்டுவதற்கு அவரிடம் இப்போது அச்சில் ஏதோ ஒன்று இருந்தது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை. மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் பலருக்கும் தெரிந்த கதை. அடுத்த மாதமே நடந்த இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். மறுநாளே, பிப்ரவரி 26-இல், இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார் வாக்கர். (எல் நினோ ஆண்டுகளில் நம் நாட்டில் மழை குறைவதற்குக் காரணமான காற்றோட்ட மாற்றத்தை விளக்கும்போது, ‘வாக்கர் சுழற்சி’ என்பார்கள். அந்த வாக்கர்தான் இவர். இதைச் சொன்னதும் என் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.)

ஆய்வு உதவித்தொகை முதுகலை முடித்தவர்களுக்கு உரியது. ராமானுஜனோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். ஆனாலும் பல்கலைக்கழகம் விதிவிலக்கு அளித்து, மாதம் 75 ரூபாய் என்று இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. ஒரு நிபந்தனை இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அவர் தவறாமல் கொடுத்தார்.

1914-இல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். 1916-இல் ஆய்வுக்காக பி.ஏ. பட்டம் பெற்றபோது வயது 28. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். உடல் நலிந்து 1919-இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் தமது 32-ஆம் வயதில் காலமானார். எஃப்.ஏ. தேர்வில் அவரை இருமுறை திருப்பி அனுப்பிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில்தான் அவருடைய நோட்டுப்புத்தகங்கள் இருக்கின்றன.

அந்தப் பெரியவர் சொன்ன ஆறுதலில் இந்த ஆறு ஆண்டுகள் விடுபட்டிருந்தன. அதோடு, ராமானுஜனைக் காட்டி மற்ற பாடங்களை ஒதுக்குகிறவர்கள், அவர் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்வதே இல்லை.

என் நண்பன் இப்போது ஆறாம் படிவத்தில் இயற்பியல் எடுத்திருக்கிறான். உடலியல் கதையைக் கேட்டதிலிருந்து, தனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பெங்காஜியான் ஆம் புத்தகத்தையும் கொமுட்டரில் வைத்துப் படிக்கிறான்.